குப்பாயிக்கு ரயில் ஆகாது

நாகலூரிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் குப்பாயி ஏறுகிறாள் என்றால், ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். மரியாதை ஒன்றும் இல்லை, பயம். இருபது கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது திரும்பும்போதே அவளுக்குக் குடல் புரட்ட ஆரம்பித்துவிடும். அடிவாரம் வருவதற்குள் வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட மிஞ்சாது. எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தாள், புளி அதக்கிப் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். ஒன்றுக்கும் அடங்கவில்லை. கண்டக்டர்கள் மாறினாலும் இந்தச் சேதி மட்டும் ஒருவர் சொல்லி ஒருவருக்குத் தெரிந்தே இருந்தது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ரயிலில் டிடிஆர். கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவளுக்கும் ஒரு காலத்தில் வந்தது.

செல்லப்பன் மலையிலே பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை எழுதி ரயில்வேக்குப் போனவர். கறுப்புக் கோட்டு, கையில் சார்ட்டு, சட்டைப் பையில் ரெண்டு பேனா. சேலத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு தடவை மலை ஏறி வந்து முகம் காட்டுவார். டூட்டியில் போனது பாதி, ரயில்வேயின் இலவசப் பாஸில் போனது மீதி. காசி, ஹரித்துவார், பூரி, அமிர்தசரஸ் என்று அவர் கால் படாத பிளாட்பாரம் இல்லை. ரிட்டயர் ஆன பிறகும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நாகலூர் டீக்கடையில் உட்கார்ந்தால் கிருஷ்ணா ஆற்றுப் பாலத்தை மட்டும் அரை மணி நேரம் ஓட்டுவார். "பாலத்துல ஏறுனா வண்டிக்கு ஒரு தனிச் சத்தம் வருமுங்க. அது காதுல உழுந்தாத்தான் எனக்குத் தூக்கம்" என்பார். ஊர் வாயைப் பிளந்து கேட்கும். அந்த நேரத்தில் குப்பாயி மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பாள். இல்லையென்றால் காப்பிப் பழம் எடுத்துக்கொண்டிருப்பாள். அதுவும் இல்லையென்றால், படுக்கையில் விழுந்த மாமியாருக்குப் பீத்துணி அலசிக்கொண்டிருப்பாள். ஆக்ரா மிட்டாய் வரும், ஜெய்ப்பூர் வளையல் வரும், அவளால் படிக்க முடியாத எழுத்துப் போட்ட துணிப்பைகள் வரும். அவள் மட்டும் எங்கும் போனதில்லை.

போகக் கூடாது என்று யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை. அதுதான் இதில் உள்ள சூது.

கல்யாணமான புதிதில், மெட்ராஸ் காட்டுகிறேன் என்று சொல்லிச் செல்லப்பன் அவளை ஒரு தடவை மலையிலிருந்து இறக்கினார். பஸ்ஸில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அது போதாதென்று ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, வண்டி நகர்வதற்கு முன்பே, வயிற்றில் ஒட்டியிருந்த மிச்சத்தையும் அவருடைய புது பூட்ஸின் மேலேயே கக்கிவிட்டாள். கூட வேலை பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனிதர் முகம் செத்துப்போயிற்று. அப்படியே இறக்கிக் கொண்டுபோய் மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் டூட்டிக்குப் போனார்.

அடுத்த வாரம் வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உனக்கு ரயில் ஆகாது புள்ள. நீயே கணக்குப் போட்டுப் பாரு. சேலம் எறங்க ஒரு மணி நேரம். அதுக்கே கொடலு வெளிய வருது. டெல்லிக்கு ரெண்டு நாளு. உசுரோட போய்ச் சேருவியா?"

குப்பாயி கணக்குப் போட்டாள். மலைக்காரி மட்டுமே போடக்கூடிய கணக்கு அது. மலையை விட்டு இறங்கும் ஒரே ஒரு பாதையை அறிந்தவளுக்குப் பாதை என்றாலே வளைவுதான். கண்ணுக்கு எட்டுகிற சேலத்துக்கே இருபது என்றால், டெல்லிக்கு எத்தனை ஆயிரம் இருக்கும்? நினைத்த மாத்திரத்தில் வாயில் குமட்டல் எச்சில் ஊறியது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்குப் புத்தி எங்கே போச்சு என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் சொன்னது யார்? ரயிலிலேயே குடியிருக்கிற மனிதர். அவர் சொல்லை நம்பாமல் அவள் வேறு யாரைப் போய் விசாரிப்பாள்? அன்றிலிருந்து ஊருக்கே அது தெரிந்த விஷயமாயிற்று: குப்பாயிக்கு ரயில் ஆகாது.

காசியும் ஹரித்துவாரமும் போனது போகட்டும் என்று தலைமுழுகிவிடலாம். மலர் விஷயம் அப்படி விடக்கூடியதில்லை.

மலர் அவர்களுக்கு ஒரே பெண். அவளைக் கட்டிய பிரபாகருக்கு நாக்பூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. கட்டிய கையோடு அங்கே கூட்டிப் போய்விட்டான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இங்கே எல்லாம் தயாராக இருந்தபோது, அங்கே டாக்டர் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மலர் போன் செய்தாள்.

"அம்மா, நீ வந்து கூட இரு. எனக்குப் பயமா இருக்குது. இங்க பேசறது ஒண்ணுமே புரியல."

"ரயிலு எனக்கு ஆகாதே கண்ணு. நடுவழியில செத்துருவேன்."

"பஸ்ஸு மாதிரி இல்லம்மா. ரயில்ல வளைவே கெடையாது. படுத்துத் தூங்கிட்டே வரலாம். நான் சொல்றதக் கேளு."

குப்பாயி திரும்பிச் செல்லப்பனைப் பார்த்தாள். அவர் போனைக் கையில் வாங்கினார். "உங்கம்மா வர மாட்டேங்கறா மலரு. காப்பி எடுப்பு நேரம் வேற. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வாந்தியைச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரமே மலருக்கு ஏழாம் மாதத்தில் பெண் பிறந்தது. ரெண்டு நாள் இருந்தது. பிறகு இல்லை. செல்லப்பன் பாஸில் தனியாகப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு திரும்பினார். ஆரஞ்சு விளைகிற மலைக்கு ஆரஞ்சு.

மலருக்கு அதற்கப்புறம் குழந்தை தங்கவில்லை. பதினைந்து வருஷமாக அம்மாவோடு பேச்சு தீபாவளிக்கு ரெண்டு வரி, பொங்கலுக்கு ரெண்டு வரி. போன வருஷம் அப்பா செத்ததற்கு வந்தாள். அவர் மேல் விழுந்து அழுதாள். காரியம் முடிந்து கிளம்பும்போது, அம்மா கலந்து நீட்டிய காப்பியை வாங்கி அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அந்த டம்ளரைக் கழுவி எடுக்கக் குப்பாயிக்கு ரெண்டு நாள் கை வரவில்லை.

தை பிறந்து காப்பி எடுப்பு முடிகிற சமயம். பிரபாகரிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, மலருக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகணும்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டா. எனக்கு மனசு கேக்கலீங்க."

"நான் வர்றனுங்க மாப்ள."

"ரயிலு உங்களுக்கு..."

"வழியில செத்தா அங்கயே எரிச்சுப் போடுங்க. நான் வர்றேன்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் தன்னை ஒரு தடவை தொடவிட வேண்டும். கிழிந்த வயிற்றோடு கிடக்கும்போதாவது அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்கு உயிரைக் கேட்டாலும் கொடுக்க அவள் தயார். கொடுக்கப் போவதாகவே நினைத்துத்தான் கிளம்பினாள்.

சேலத்தில் இருக்கும் காளியப்பன், செல்லப்பனோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பாஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு ரயில்வே கொடுக்கிற பாஸ். அவர் இருந்தவரைக்கும் அவள் பேரும் சேர்த்து வருஷா வருஷம் வந்த பாஸில் போக முடியாதவள், அவரைத் தூக்கிப் போட்ட பிறகு வந்த பாஸில் போகிறாள். வாந்திக்கென்று பிளாஸ்டிக் கவர்களை ஒரு வாரமாகச் சேர்த்தாள். ஜவுளிக்கடைக் கவர், மளிகைக்கடைக் கவர், மருந்துக்கடைக் கவர். எல்லாவற்றையும் ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, சதுரமாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். ஒரு சின்னத் தலையணை அளவுக்கு வந்தது. பஸ்ஸுக்குத் தனியாக ரெண்டு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த ரெண்டும் அடிவாரத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டன. ஜங்ஷனில் காளியப்பன் அவளைப் பெட்டிக்குள் ஏற்றி உட்கார வைத்தார். நல்ல மனிதர். வாய்தான் சும்மா இருக்காது.

"இப்பவாச்சும் மனசு வந்துச்சே அம்மணி. செல்லப்பன் எத்தன தடவ கூப்புட்டிருப்பான். 'எம்பட ஊட்டுக்காரிக்கு மலைய உட்டு அசைய மனசில்ல, தோட்டந்தான் அவளுக்குச் சாமி'ன்னு சொல்லிச் சொல்லி வருத்தப்படுவானுங்க. பாவம், கடைசி வரைக்கும் ஒத்தையாவே சுத்துனான்."

குப்பாயிக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. பெண்டாட்டி பூட்ஸில் கக்கிய கதையை வெளியே சொல்லாமல், அவள் மானத்தைக் காப்பாற்ற இப்படியொரு பேச்சைச் சொல்லி வைத்திருக்கிறாரே என்று நெஞ்சு உருகிப்போனாள். அந்த உருக்கம் கிருஷ்ணா ஆற்றுப் பாலம் வரைக்கும் தாங்கியது.

வண்டி கிளம்பியதும் அவள் மடியில் கவர்க்கட்டையும் கையில் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்தாள். இதோ திரும்பும், இதோ சாயும் என்று வயிற்றை எக்கிக்கொண்டே இருந்தாள். தென்னந்தோப்பு போயிற்று, செங்கல் சூளை போயிற்று, ஒரு மலை தூரத்திலேயே நின்றுவிட்டது. டீ வந்தது. எதிர் சீட்டில் இருந்த ஜோஸ்லின் என்கிற சேலத்துப் பெண், வாரங்கல்லில் அக்கா வீட்டுக்குப் போகிறவள், ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தாள். குப்பாயி பயந்து பயந்து குடித்தாள். வயிறு சும்மா இருந்தது.

"ஏனுங்க, வளைவெல்லாம் எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

"என்ன வளைவுங்கம்மா?"

"டெல்லிப் பாதைல வருமே, கொண்டை ஊசி வளைவு."

கேலி செய்கிறாளோ என்று ஜோஸ்லின் அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லையென்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னாள். "ரயிலுக்கு ஏதுங்கம்மா கொண்டை ஊசி வளைவு? மொத்தமும் நேர் பாதைதான். நான்கூட ஏற்காடு பஸ்ஸுல போனா வாந்தி எடுப்பேன். இதுல எனக்கு ஒண்ணும் ஆகாது. யாருக்கும் அப்படி ஆகாதுங்க."

குப்பாயி எலுமிச்சம்பழத்தைக் கவர்க்கட்டுக்குள் செருகினாள். ஜோலார்பேட்டையில் இட்லி வாங்கித் தின்றாள். பிறகு படுத்தாள். தொட்டில்போல ஒரே சீராக ஆடிய வண்டியில், முப்பது வருஷத்தில் தூங்காத தூக்கம் தூங்கினாள்.

விடிந்தபோது ஒரு பெரிய சத்தம் கேட்டு எழுந்தாள். கீழே ஆறு, அகலமான ஆறு. வண்டி இரும்புப் பாலத்தின் மேல் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. கிருஷ்ணா என்று யாரோ சொன்னார்கள். செல்லப்பன் டீக்கடையில் அரை மணி நேரம் ஓட்டிய பாலம். ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவள் நாக்கால் வாயைத் துழாவிப் பார்த்தாள். புளிப்பு இல்லை, கசப்பு இல்லை. பசித்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்குத் தெரியாதா? ராத்திரி ராத்திரியாய்ப் பெட்டி பெட்டியாக நடந்து, தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பி டிக்கெட் கேட்ட மனிதருக்கு, ரயிலில் ஜனங்கள் தூங்குவார்கள் என்று தெரியாதா? பச்சைப் பிள்ளைகள், பிள்ளைத்தாச்சிகள், பல்லுப் போன கிழங்கள் எல்லாம் போகிற வண்டியில் அவள் ஒருத்தி மட்டுமா செத்துப்போவாள்? தெரியும். நன்றாகத் தெரியும். வீடும் தோட்டமும் படுத்த படுக்கையான தாயும் ஒருத்தி தலையில் இருந்தால்தானே இன்னொருத்தன் இறக்கை கட்டிப் பறக்கலாம்? அவளிடம் ரயில் ஆகாது என்றார். ஊரிடம் அவள் வர மாட்டேன் என்கிறாள் என்றார். பெற்ற மகளிடமும் அதையே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அந்தச் சோற்றை அவளையே ஆக்கிப் போடவும் வைத்தார்.

"படுபாவி" என்று வாய்விட்டே சொன்னாள். ஜோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். குப்பாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வாரங்கல்லில் ஜோஸ்லின் இறங்கிய பிறகும் அழுகை நிற்கவில்லை. செத்தவனை நினைத்து அழவில்லை. அந்த ஏழாம் மாதத்துப் பிள்ளையை நினைத்து அழுதாள். ரெண்டு நாளில் ஒரு நாளாவது அதைக் கையில் வாங்கியிருக்கலாம். மொழி தெரியாத ஆஸ்பத்திரியில் மலர் தனியாகக் கிடந்திருக்க வேண்டியதில்லை. அழுது அழுது கண் வீங்கி, முகம் ஊதிப்போயிற்று. நாக்பூர் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். உங்கப்பன் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான் கண்ணு என்று சொல்லிவிட வேண்டும். வாய்க்குள் பத்துத் தரம் சொல்லிப் பழகிக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு வந்த பிரபாகர் பையை வாங்கிக்கொண்டான். "பிரயாணம் எப்படி இருந்துச்சுங்க அத்தை?"

"தூங்கிட்டே வந்துட்டனுங்க மாப்ள" என்றாள். அவன் அதிசயமாகப் பார்த்தான்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன். மலர் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையில் அங்கங்கே வெள்ளி முடி. குப்பாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். மலர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வீங்கின கண்ணையும் ஊதின முகத்தையும் கலைந்த தலையையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகிற்று.

"அம்மா. நொம்ப வாந்தி எடுத்துட்டியா?"

பழகி வைத்த வார்த்தை எல்லாம் தொண்டைக்கு வந்தது. மலர் கையை நீட்டினாள். பதினைந்து வருஷம் நீளாத கை. "செத்துருவேன்னு சொன்ன ரயில்ல எனக்காக ஏறி வந்துட்டியே. வந்து உக்காரு."

பசித்தவளுக்கு முன்னால் சோற்றை வைத்துவிட்டு, இது யார் வீட்டுச் சோறு என்று விசாரிக்கச் சொன்னால் விசாரிப்பாளா? குப்பாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங் கண்ணு" என்றாள். "நொம்ப எடுத்துட்டேன்."

பிரபாகர் தலையைத் தூக்கிப் பார்த்தான். பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். மலர் அம்மாவின் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ரயிலு ஆகாதுன்னு நீ சொன்னப்ப நான் நம்பவே இல்லம்மா. உனக்குக் காப்பித்தோட்டந்தான் பெருசுன்னு நெனச்சேன். உன்னக் கூட்டிட்டு வரலைன்னு அப்பாகூடவும் சண்டை புடிச்சேன். நெசமாவே உனக்கு ஆகல. பாரு, மூஞ்சியே மாறிப்போச்சு. அப்பாவத்தான் பாவம், கண்டபடி பேசிட்டேன்."

செத்தும் ஜெயித்துவிட்டான் என்று குப்பாயிக்குத் தோன்றியது. அவர் சொன்ன பொய் இப்போது அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஆனால் மகளின் கன்னம் சூடாகக் கைக்குள் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மதியத்துக்கு மேல் மலரைக் கொண்டுவந்து போட்டார்கள். மயக்கம் தெளியத் தெளியக் குமட்டல் வந்தது. நர்ஸம்மா ஹிந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டு தட்டைத் தேடி ஓடினாள். குப்பாயி யோசிக்கவே இல்லை. பையில் கையை விட்டுக் கவர்க்கட்டை எடுத்து, ரப்பர் பேண்டை அறுத்து, ஒன்றை உதறி விரித்து மகளின் வாயருகே பிடித்தாள். இன்னொரு கையால் நெற்றியைத் தாங்கினாள். வாந்தி எடுப்பவளை எப்படித் தாங்க வேண்டும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? "எடுத்துரு சாமி, எடுத்துரு" என்றாள். வாயைத் துடைத்துவிட்டாள். இதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்ததுபோல அவளுக்கு உள்ளே ஒரு நிறைவு வந்தது.

மலர் கண்ணைத் திறந்தாள். படுக்கையில் கலைந்து கிடந்த கவர்களின் மேல் பார்வை போயிற்று. ஜவுளிக்கடைக் கவர், மளிகைக்கடைக் கவர், மருந்துக்கடைக் கவர். எல்லாம் சதுரமாக, மடிப்புக் கலையாமல் இருந்தன. கட்டுக்குள்ளிருந்து உருண்ட எலுமிச்சம்பழம் தோல்கூடக் கன்றாமல் பச்சையாக இருந்தது.

"இதெல்லாம் ரயிலுக்குக் கொண்டாந்ததாம்மா?"

குப்பாயி கவர்களைக் கூட்டி அள்ளப் போனாள்.

"ஒண்ணு கூடச் செலவாகலையே."

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வேறே கவர் இருந்துச்சு கண்ணு என்று சொன்னால் போதும். அதை அவளால் சொல்ல முடியவில்லை. "ஒருக்கா கூட எடுக்கல கண்ணு. சொகமாத் தூங்கிட்டு வந்தேன்."

பேச மலருக்கு மூச்சு போதவில்லை. விட்டு விட்டுச் சொன்னாள். "அப்ப அன்னைக்கு நீ வந்திருக்கலாம்."

"ரயிலு ஆகாதுன்னு உங்கப்பா சொன்னாரு. நான் நம்பிட்டேன்."

"ஆகும்னு நானுந்தானேம்மா சொன்னேன்."

மலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவளுக்குக் குமட்டியது. திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். குப்பாயி ஒரு கவரை விரித்துக் கொடுத்தாள். அம்மாவின் விரல் படாமல் அதன் நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டாள் மலர்.